எஸ்பிஐஆர் மானியம் வாங்க உங்கள் மாநிலமும் பணம் தரும்: அமெரிக்காவில் சிறு தொழில்நுட்ப நிறுவனம் நடத்துவோருக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் சிறிதாக ஒரு தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கும் நம்மவர்கள் பலருக்கு எஸ்பிஐஆர் என்ற பெயர் தெரியும். கம்பெனியில் பங்கு கேட்காமல், திருப்பித் தரச் சொல்லாமல், ஆராய்ச்சிக்காக ஃபெடரல் அரசு கொடுக்கும் பணம். அதே வேலைக்காக மாநில அரசும் தனியாக ஒரு தொகை வைத்திருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ஃபெடரல் பணம் கைக்கு வந்த பிறகுதான் விசாரிக்கிறார்கள். என்னைக் கேட்டால் வரிசையே தலைகீழ். ஃபெடரல் விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே மாநில அலுவலகத்துக்கு ஃபோன் போட வேண்டும். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

சுருக்கமாகப் பின்னணி

1977-ல் தேசிய அறிவியல் அறக்கட்டளையில், அதாவது என்எஸ்எஃப்பில், ரோலண்ட் டிப்பட்ஸ் என்ற அதிகாரி சிறு நிறுவனங்களுக்கென ஒரு ஆராய்ச்சி நிதித் திட்டத்தை ஆரம்பித்தார். அது பிடித்துப்போய் 1982-ல் சட்டமாகி, அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். வெளியாருக்கு ஆராய்ச்சிப் பணம் கொடுக்கும் பெரிய துறைகள் எல்லாம் அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பங்கு படிப்படியாக ஏறி 3.2 சதவீதத்துக்கு வந்திருக்கிறது. பாதுகாப்புத் துறை, மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் என்ஐஹெச், எரிசக்தித் துறை, நாசா, விவசாயத் துறை என்று மொத்தம் 11 துறைகள் இதில் உண்டு. 1992-ல் எஸ்டிடிஆர் என்ற தம்பித் திட்டம் சேர்ந்தது. அதில் ஒரு பல்கலைக்கழகமோ ஆராய்ச்சி நிறுவனமோ கட்டாயக் கூட்டாளி.

பணம் இரண்டு கட்டமாக வரும். முதல் கட்டம், இந்த யோசனை நடக்குமா என்று சோதித்துப் பார்க்க. நாசாவில் இது ஒன்றரை லட்சம் டாலர் அளவு, என்எஸ்எஃப்பில் 3 லட்சத்து 5 ஆயிரம் வரை. இரண்டாம் கட்டம், வேலை செய்யும் மாதிரியைக் கட்ட. இது துறையைப் பொறுத்து எட்டு, பத்து லட்சத்தில் தொடங்கி 20 லட்சத்தைத் தாண்டியும் போகும். மூன்றாம் கட்டம் என்றால் விற்பனை. அதற்கு இந்தத் திட்டத்தில் காசு கிடையாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது நிரந்தரச் சட்டம் இல்லை, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவ்வப்போது நீட்டிக்க வேண்டும். 2022-ல் கொடுத்த நீட்டிப்பு 2025 செப்டம்பர் 30-ல் முடிந்தபோது புதிய விண்ணப்ப அழைப்புகள் அப்படியே நின்றன. அதனால் உங்கள் துறையின் அழைப்பு இப்போது திறந்திருக்கிறதா என்று அந்தத் துறையின் தளத்திலேயே பார்த்துக்கொண்டு மேலே போங்கள். இதுபோல் மூடிக் கிடக்கும் நாட்களில் மாநிலத்தின் உதவியோடு வீட்டுப்பாடத்தை முடித்துவைப்பவர்கள், கதவு திறந்ததும் முதல் வரிசையில் நிற்பார்கள்.

தொடங்கும் முன்: நீங்கள் தகுதியானவரா?

லாப நோக்குள்ள நிறுவனமாக இருக்க வேண்டும். துணை நிறுவனங்களையும் சேர்த்து 500 பேருக்கு மேல் ஊழியர் கூடாது. பாதிக்கு மேற்பட்ட உரிமை அமெரிக்கக் குடிமக்களிடமோ கிரீன் கார்டு வைத்திருப்பவர்களிடமோ இருக்க வேண்டும். நம்மவர்கள் தடுக்கி விழுவது இந்தக் கடைசி விதியில்தான். ஹெச்-1பி விசாவில் இருக்கும் இரண்டு பேர் சேர்ந்து பாதிப் பாதியாக ஆரம்பித்த கம்பெனி, தொழில்நுட்பம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சாதாரண விதிப்படி தகுதி பெறாது.

தலைமை ஆய்வாளர் விதி வேறு. அவர் குடிமகனாக இருக்கத் தேவையில்லை. அந்த நிறுவனத்தில் சட்டப்படி வேலை பார்க்க உரிமை இருந்தால் போதும். ஆனால் எஸ்பிஐஆரில் அவருடைய முதன்மை வேலை உங்கள் நிறுவனத்தில்தான் இருக்க வேண்டும், அதாவது பாதிக்கு மேற்பட்ட நேரம். இது மானியம் கைக்கு வரும் நாளிலிருந்து பொருந்தும் விதி. ஆகவே விண்ணப்பம் போட்ட கையோடு இருக்கிற வேலையை விட்டுவிட வேண்டாம். முடிவு வர மாதக்கணக்கில் ஆகும்.

அடுத்து, ஆராய்ச்சி வேலை அமெரிக்க மண்ணில் நடக்க வேண்டும். சென்னையிலோ கோவையிலோ நண்பர் நடத்தும் குழுவிடம் மென்பொருள் பகுதியைக் கொடுத்து, செலவைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. அரிதான விதிவிலக்கு உண்டு, அதற்கு முன் அனுமதி வேண்டும். வெளிநாட்டு முதலீடு, கூட்டு, பதவி எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும் என்று 2022 சட்டம் தனியாகவே சொல்கிறது. சீனா, ரஷ்யா, ஈரான், வடகொரியாவுடன் தொடர்பு என்றால்தான் பெரிய சிக்கல். அதற்காக இந்தியத் தொடர்பை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். கேட்டதை மறைத்தால் அது தனிக் குற்றம்.

மாநிலம் எதற்குப் பணம் தருகிறது?

ஒரு ஃபெடரல் மானியம் வந்தால் அந்த ஊரில் நான்கு பேருக்குச் சம்பளம், ஒரு ஆய்வுக்கூடம், பின்னால் ஒரு தொழிற்சாலை. மாநிலத்துக்கு அதுதான் கணக்கு. நிபுணர்களை வைத்து வாஷிங்டன் சலித்தெடுத்த நிறுவனத்தின் மேல் கொஞ்சம் காசு போடுவது அவர்களுக்கும் ஆபத்து குறைந்த முதலீடு. வடிவங்கள் பல. முக்கியமானவை இவை.

முதலாவது, பூஜ்ய கட்டம். விண்ணப்பம் தயாரிப்பதற்கே பணம். இதற்குப் பெயர் போனது வயோமிங். அங்கே பல்கலைக்கழகம் நடத்தும் திட்டத்தில் 5,000 டாலர் வரை கிடைக்கும். நெப்ராஸ்காவிலும் அதே அளவு. வட கரோலினா, விண்ணப்பம் தயாரித்த செலவில் ஒரு பகுதியைப் பிறகு திருப்பிக் கொடுக்கும். தொகை சின்னதுதான். ஆனால் நேரடிப் பணம் தராத மாநிலத்தில்கூட இலவச ஆலோசனையாவது கிடைக்கும். ஃபாஸ்ட் என்று ஒரு ஃபெடரல் திட்டம் இருக்கிறது. அது நிறுவனங்களுக்குப் பணம் தராது, நிறுவனங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மாநில அமைப்புகளுக்குத் தருகிறது. அந்தக் காசில் உட்கார்ந்திருக்கும் ஆலோசகரின் நேரம் உங்களுக்கு இலவசம்.

இரண்டாவது, இணை மானியம். எல்லோரும் மேட்சிங் கிராண்ட் என்பார்கள். ஃபெடரல் மானியம் ஜெயித்த பிறகு மாநிலம் மேலே போடும் தொகை. விஸ்கான்சினில் எஸ்பிஐஆர் அட்வான்ஸ் என்ற திட்டம் முதல் கட்டக்காரர்களுக்கு 75,000 டாலர் வரையும் இரண்டாம் கட்டத்துக்கு ஒரு லட்சம் வரையும் கொடுத்து வந்திருக்கிறது. மிச்சிகன், ஃபெடரல் தொகையில் கால் பங்கு என்று கணக்குப் போடும். முதல் கட்டத்துக்கு உச்சவரம்பு 25,000, இரண்டாம் கட்டத்துக்கு ஒன்றேகால் லட்சம். கென்டக்கி 2006 முதலே தாராளம். வேறு மாநிலத்தில் ஜெயித்த நிறுவனம் அங்கே குடிபெயர்ந்து வந்தாலும் இணை மானியத்துக்குக் கேட்கலாம் என்று கூப்பிட்டுப் பார்க்கும் மாநிலம் அது.

மூன்றாவது, இரண்டாம் கட்டத்துக்குப் பிறகு சந்தைக்குப் போக உதவும் பணம். மாசசூசெட்ஸின் ஸ்டார்ட் திட்டம் 2012 முதல் இதைச் செய்கிறது. ஒரு லட்சம் டாலரில் தொடங்கி, முன்னேற்றத்தைக் காட்டுகிறவர்களுக்கு அடுத்தடுத்த படிகளில் கூடுதலாகத் தரும்.

இந்தத் தொகைகள் எல்லாம் மாநில பட்ஜெட் ஏறி இறங்குவதற்கேற்ப மாறும், சில வருஷம் நின்றே போகும். நான் சொன்னதை வைத்து வாடகை ஒப்பந்தம் போட்டுவிடாதீர்கள். அப்புறம், சில மாநிலங்கள் உதவி என்ற பெயரில் தருவது பின்னால் பங்காக மாறும் கடன். காகிதத்தில் மானியம் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 1: மாநில ஆலோசகரைப் பிடியுங்கள்

உங்கள் மாநிலத்தின் பெயரோடு எஸ்பிஐஆர், மேட்சிங் என்று சேர்த்துத் தேடுங்கள். பொருளாதார வளர்ச்சித் துறையிலோ, பல்கலைக்கழகத்தை ஒட்டிய சிறுதொழில் மையத்திலோ இருக்கும். முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை: பூஜ்ய கட்டப் பணம் இருக்கிறதா, இந்த நிதியாண்டில் இன்னும் மிச்சம் இருக்கிறதா, இணை மானியத்துக்கு எப்போது மனுப் போட வேண்டும், நிறுவனம் எவ்வளவு காலம் மாநிலத்தில் இருக்க வேண்டும், ஊழியர்களில் எத்தனை பேர் உள்ளூரில் இருக்க வேண்டும்.

மனுப் போடும் நேரத்தை அழுத்திக் கேளுங்கள். சில இடங்களில் ஃபெடரல் விண்ணப்பம் போகும் முன்பே மாநிலத்திடம் சொல்லி வைத்திருக்க வேண்டும். சில இடங்களில் மானியக் கடிதம் வந்து குறிப்பிட்ட நாட்களுக்குள் போட வேண்டும். முந்தி வந்தவருக்கு முதலில் என்ற முறையில் நடக்கும் மாநிலங்களில் வருஷக் கடைசியில் போனால் பெட்டி காலியாக இருக்கும். ஜெயித்தால் இணை நிதி தருவோம் என்று மாநிலம் ஒரு கடிதம் கொடுத்தால், அதை வணிகத் திட்டப் பகுதியில் காட்டலாம். அதைப் படிக்கும் மதிப்பீட்டாளருக்கு, இவர்களை நம்பி இன்னொருவரும் பணம் போடத் தயார் என்பது சொல்லாமலே புரியும்.

படி 2: பதிவுகளை முடியுங்கள்

சலிப்பான வேலை, ஆனால் இதில் கோட்டை விட்டவர்கள் நிறைய. சாம் டாட் கவ் தளத்தில் பதிந்து, யூஇஐ என்ற அடையாள எண் வாங்க வேண்டும். 2022 ஏப்ரலில் பழைய டன்ஸ் எண்ணின் இடத்துக்கு வந்தது இதுதான். நிறுவனத்தின் சட்டப் பெயரும் முகவரியும் மாநிலப் பதிவுச் சான்றிதழ், வருமானவரித் துறைக் கடிதம், இந்தத் தளம் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் எல்எல்சிக்கு முன் காற்புள்ளி இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டாலும் சரிபார்ப்பு வாரக்கணக்கில் இழுக்கும். பதிவு முற்றிலும் இலவசம். பதிந்த கையோடு கட்டணம் கேட்டு அரசுக் கடிதம் மாதிரியே மின்னஞ்சல்கள் வரும். அழித்துவிடுங்கள். வருஷம் ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

அதன்பின் சிறுதொழில் நிர்வாகம் (எஸ்பிஏ) என்ற ஃபெடரல் அமைப்பின் எஸ்பிஐஆர் பதிவேடு, என்ஐஹெச் என்றால் கிராண்ட்ஸ் டாட் கவ்வும் ஈஆர்ஏ காமன்ஸும், என்எஸ்எஃப் என்றால் ரிசர்ச் டாட் கவ், பாதுகாப்புத் துறை என்றால் அவர்களுடைய தனித் தளம். இரண்டு மாதம் முன்னதாகவே தொடங்குங்கள்.

படி 3: துறையைத் தேர்ந்தெடுத்து, ஆளிடம் பேசுங்கள்

துறைகளில் இரண்டு சுபாவம். பாதுகாப்புத் துறையும் நாசாவும் தங்களுக்கு வேண்டியதைச் சொல்லி, யார் செய்து தருவீர்கள் என்று கேட்பவர்கள். பெரும்பாலும் வாங்கப் போகிறவரும் அவர்களே. என்எஸ்எஃப், என்ஐஹெச் போன்றவை உங்கள் யோசனையைக் கேட்பவை. நீங்கள் அதை வெளிச் சந்தையில் விற்றுக்கொள்ள வேண்டும்.

என்எஸ்எஃப்பில் முதலில் மூன்று பக்க அளவில் ஒரு சுருக்கம் அனுப்ப வேண்டும். புதுமை என்ன, தொழில்நுட்பச் சவால் என்ன, யார் வாங்குவார்கள், குழு யார் என்று நான்கு பகுதி. அவர்கள் கூப்பிட்டால்தான் முழு விண்ணப்பம். நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு நல்ல ஆரம்பம் இது. என்ஐஹெச்சில் ஒரு பக்க நோக்கக் குறிப்பை இணைத்து, திட்ட அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, பதினைந்து நிமிஷம் பேச நேரம் கேளுங்கள். பலர் தயங்குவார்கள், பெரிய அதிகாரியைத் தொந்தரவு செய்யலாமா என்று. பேசுவது அவர்கள் வேலை. பாதுகாப்புத் துறையில், தலைப்புகள் வெளியாகி விண்ணப்பம் திறப்பதற்கு முந்தைய சில வாரங்களில் மட்டும் தலைப்பை எழுதியவரிடம் நேரடியாகப் பேசலாம். திறந்தபின் அந்தக் கதவு மூடிவிடும்.

படி 4: பூஜ்ய கட்டப் பணத்தை எங்கே செலவிடுவது

5,000 டாலர் கிடைத்தது என்று வையுங்கள். முழுவதையும் ஒரு எழுத்தாளரிடம் கொடுத்து எழுதித் தரச் சொல்வதுதான் எளிது. நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். தொழில்நுட்பம் உங்கள் தலைக்குள் இருக்கிறது, வெளியாள் எழுதினால் அது பளபளவென்று இருக்கும், உள்ளே சதை இருக்காது. நீங்கள் எழுதுங்கள். அந்தத் துறையில் மதிப்பீட்டாளராக இருந்த ஒருவரிடம் கொடுத்து, கருணையில்லாமல் திருத்தச் சொல்லி அவருக்குப் பணம் கொடுங்கள். மிச்சத்தில் சிறு சோதனை ஒன்று நடத்தி ஒரே ஒரு வரைபடமாவது தயார் செய்யுங்கள். முதல் கட்டத்துக்கு முன்னோட்டத் தரவு கட்டாயம் இல்லை என்றே பல துறைகள் சொல்லும். இருந்தால் தனி மரியாதை.

விண்ணப்பங்கள் அதிகம் தோற்பது நோக்கங்களை எழுதும் இடத்தில். ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். விஸ்கான்சினில் மேடிசன் நகரத்தில் இரண்டு பேர், மண்ணிலுள்ள நைட்ரேட்டை வயலிலேயே அளக்கும் உணரி செய்கிறார்கள். முதல் வரைவில் இப்படி எழுதுகிறார்கள்: "உணரியின் துல்லியத்தை மேம்படுத்தி, வயலில் சோதிப்போம்." இதில் தோற்றுப்போக வழியே இல்லை. கொஞ்சம் மேம்பட்டாலும் வெற்றிதான். மதிப்பீட்டாளருக்கு இது பிடிக்காது. திருத்தியது இப்படி வரும்: "மூன்று வகை மண்ணில், ஈரப்பதம் 10 முதல் 35 சதவீதம் வரை, ஆய்வுக்கூட அளவோடு ஒப்பிட்டுப் பிழை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆறு வாரம் மண்ணில் புதைந்திருந்த பிறகும் அதே பிழை எல்லை." இப்போது எண் இருக்கிறது, தோற்க இடமும் இருக்கிறது. வேலை முடிந்த நாளில் ஆம், இல்லை என்று சொல்லிவிடலாம்.

படி 5: பட்ஜெட்டை இரண்டாகப் பிரியுங்கள்

மாநிலப் பணத்தின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரியும். ஃபெடரல் பணம் ஆராய்ச்சிக்கு. காப்புரிமை வழக்கறிஞர், விளம்பரம், விற்பனை ஆள், கண்காட்சிக் கட்டணம் இதெல்லாம் பொதுவாக அதில் எழுத முடியாது. ஆனால் இரண்டாம் கட்டத்துக்குப் போகும்போது அதே துறை, உங்கள் வாடிக்கையாளர் யார், காப்புரிமை எங்கே என்று கேட்கும். பணம் தராத வேலையை முடித்துக்கொண்டு வா என்பதுபோல. இந்த ஓட்டையை அடைக்கத்தான் பல மாநிலங்கள் இணை மானியத்தை வணிக வேலைகளுக்கென்றே ஒதுக்குகின்றன. விஸ்கான்சின் திட்டம் அந்த வகை.

மேடிசன் நிறுவனத்துக்கே வருவோம். என்எஸ்எஃப் பணத்தில் தலைமை ஆய்வாளர் சம்பளம், ஒரு தொழில்நுட்பப் பணியாளர், மின்முனைகள், பல்கலைக்கழக மண் ஆய்வுக்கூடத்துக்கு உள் ஒப்பந்தம். முதல் கட்ட எஸ்பிஐஆரில் வெளியே போகும் வேலை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. எஸ்டிடிஆர் என்றால் நிறுவனம் குறைந்தது 40 சதவீதம், ஆராய்ச்சிக் கூட்டாளி குறைந்தது 30 சதவீதம் செய்ய வேண்டும். மாநிலம் தரும் 75,000-ல் காப்புரிமைக்கு 14,000, உரக்கடைக்காரர்களையும் பெரிய விவசாயிகளையும் போய்ப் பார்த்துப் பேச 9,000, தொழிற்சாலையில் செய்யத்தக்க வெளிக்கூடு வடிவமைக்க 22,000, பகுதி நேர வணிக ஆளுக்கு 30,000. இரண்டு பட்டியலிலும் ஒரே செலவு வரவில்லை பாருங்கள். அதுதான் முக்கியம். ஒரே செலவை இரண்டு அரசிடமும் காட்டி வாங்குவது மோசடி வழக்கில் கொண்டுபோய் விடும். மாநில நிதியை, மற்ற ஆதரவுகள் என்று கேட்கும் ஃபெடரல் படிவத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

பலர் கேட்காமலே விடும் இரண்டு தொகைகள் உண்டு. ஒன்று, லாபக் கட்டணம். என்ஐஹெச், என்எஸ்எஃப் இரண்டிலும் 7 சதவீதம் வரை கேட்கலாம். அந்தப் பணத்துக்குச் செலவுக் கட்டுப்பாடு கிடையாது, காப்புரிமைக்கும் பயன்படும். இன்னொன்று, தொழில்நுட்ப, வணிக உதவித்தொகை. முதல் கட்டத்தில் 6,500 டாலர், இரண்டாம் கட்டத்தில் 50,000 வரை. கேட்டால்தான் வரும்.

படி 6: திரும்பி வந்தால்

பெரும்பாலான விண்ணப்பங்கள் முதல் முறை திரும்பத்தான் செய்யும். என்ஐஹெச் மதிப்பெண் 10 முதல் 90 வரை, குறைந்தால் நல்லது. மதிப்பீட்டுக் குறிப்பு கிடைத்ததும் அதை மாநில ஆலோசகரிடம் கொண்டு போங்கள். பல நிறுவனங்களின் குறிப்புகளைப் பார்த்தவர் அவர். எது சும்மா முணுமுணுப்பு, எது உயிர்நாடிக் குறை என்று பிரித்துச் சொல்வார். மறுபடி அனுப்பும்போது என்ன மாற்றினோம் என்று சொல்ல ஒரு பக்கம் கிடைக்கும். அதில் மதிப்பீட்டாளரோடு சண்டை போடாதீர்கள். அவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், புரியும்படி நாம் எழுதவில்லை என்று எடுத்துக்கொண்டு திருத்துவதே லாபம். பூஜ்ய கட்டப் பணத்தை மறு விண்ணப்பத்துக்கும் தரும் மாநிலங்கள் உண்டு. கேளுங்கள்.

படி 7: ஜெயித்த பிறகு

மானியக் கடிதம் வந்ததும் அதே வாரம் மாநில மனுவைத் தொடங்குங்கள். பணம் மொத்தமாக வராது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வட கரோலினாவின் ஏற்பாட்டில் முக்கால் பங்கு முதலில், மீதிக் கால் பங்கு முதல் கட்ட அறிக்கையையும் இரண்டாம் கட்ட விண்ணப்பத்தையும் சமர்ப்பித்த பிறகு. பாதியில் விட்டுவிடாமல் அடுத்த கட்டத்துக்குத் தள்ளும் புத்திசாலித்தனம் அது. வேறு சில மாநிலங்களில் நீங்கள் செலவு செய்து ரசீது காட்டினால்தான் பணம். அப்படியென்றால் இடையில் சமாளிக்கக் கையிருப்பு வேண்டும்.

ஒப்பந்தத்தில் ஊரைவிட்டுப் போகும் விதியைக் கவனமாகப் படியுங்கள். சில வருஷத்துக்குள் நிறுவனத்தை வேறு மாநிலத்துக்கு மாற்றினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கலாம். கலிஃபோர்னியா முதலீட்டாளர் ஒருவர் இங்கே வந்துவிடுங்கள் என்று கூப்பிடும்போதுதான் பலருக்கு இந்த வரி கண்ணில் படுகிறது. வரிக் கணக்காளரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். இந்த மானியங்கள் பொதுவாக வருமானமாகவே பார்க்கப்படும். நேரப் பதிவேட்டை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். ஒரே ஆள் காலையில் ஃபெடரல் வேலையும் மாலையில் மாநில வேலையும் பார்த்தால், எந்த மணி எதில் என்று தணிக்கையில் கேட்பார்கள்.

முதல் கட்டம் முடிந்து இரண்டாம் கட்டப் பணம் வரும்வரை ஒரு பள்ளம் உண்டு. ஆறு மாதம், சில நேரம் அதற்கும் மேல். நல்ல ஆட்கள் விலகிப்போவது இந்த மாதங்களில்தான். மாநிலப் பணத்தை முதல் கட்டத்திலேயே கரைத்துவிடாமல், விதி இடம் கொடுத்தால் ஒரு பகுதியை இந்த இடைவெளிக்கு நிறுத்திவையுங்கள். எரிசக்தித் துறையின் எஸ்பிஐஆர் தரவுகளை வைத்துப் பொருளாதார ஆய்வாளர் சப்ரினா ஹவல் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் கட்ட மானியம் வாங்கிய நிறுவனத்துக்குத் துணிகர முதலீடு கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பானதைக் கண்டார். இரண்டாம் கட்டத்தின் பெரிய தொகையில் அந்த அளவு பலன் தெரியவில்லை. ஆக, பள்ளத்தில் இருக்கும் மாதங்களில் இரண்டாம் கட்டத்துக்கு மட்டும் காத்துக்கொண்டிருக்காமல், முதல் கட்டத்தில் கிடைத்த எண்களையும் மாநிலப் பணத்தில் சேர்த்த வாடிக்கையாளர் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு முதலீட்டாளர்களையும் போய்ப் பாருங்கள்.